குழந்தையின் வார்த்தைக்கு என்ன மதிப்பு?

குழந்தையிடம் பாலியல் கொடுமை என்று செய்தி வந்தால் போதும், "இவனையெல்லாம் தூக்கில் போட வேண்டாமா?" என்று எல்லோரும் கொதிப்பார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் தண்டனைக்கு முன்னால் இரண்டு படிகள் இருக்கின்றன. நடந்தது குற்றம் என்று சட்டம் சொல்ல வேண்டும். அது நடந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நம் நாடு சறுக்குவது இந்த இரண்டு படிகளில்தான்.

முதல் படியைப் பார்ப்போம். 2012 வரை இதற்கென்று நாடு முழுமைக்குமான தனிச்சட்டம் கிடையாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 375வது பிரிவு 'வல்லுறவு' என்பதற்குக் கொடுத்த பொருள் ரொம்பக் குறுகியது. சிறுமியைத் தகாத இடத்தில் தொட்டால் 354வது பிரிவு, அதாவது பெண்ணின் மானத்துக்குப் பங்கம். அதிகபட்சமே 2 ஆண்டுதான்! பாதிக்கப்பட்டது சிறுவன் என்றால் 375ல் அவனுக்கு இடமே இல்லை. வல்லுறவின் பொருளை விரிவாக்கச் சொல்லி 'சாக்ஷி' அமைப்பு தொடுத்த வழக்கில் 2004ல் உச்ச நீதிமன்றம் அதற்கு மறுத்துவிட்டது. ஆனால் குழந்தை குற்றவாளியைப் பார்க்காதபடி திரை போட வேண்டும், சாட்சி சொல்லும்போது இடைவேளை தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

2012 நவம்பர் 14 அன்று போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகள், ஆண் பெண் என்ற பேதம் இல்லை. ஊடுருவல், பாலியல் நோக்கத்தோடு தொடுதல், தொடாமலே செய்யும் தொந்தரவு என்று தனித்தனியாகக் குற்றங்கள் வரையறுக்கப்பட்டன.

அப்பாடா என்று விட முடிந்ததா? 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, 12 வயதுச் சிறுமியை உடைக்கு மேல் தொட்டது போக்சோவின்படி 'பாலியல் தாக்குதல்' ஆகாது, தோலோடு தோல் பட வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பர் 18ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பார்க்க வேண்டியது பாலியல் நோக்கத்தை, தோலை அல்ல என்று விளக்கியது. வார்த்தைகளை எவ்வளவு கவனமாக எழுதினாலும் படிக்கிறவர் குறுக்கினால் குறுகிவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இனி இரண்டாவது படி. காமர்ஸ் படிப்பவர்களுக்கு வவுச்சர் தெரியும். வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஏற்க மாட்டார். இந்தக் குற்றத்தின் சிக்கலே அதுதான், வவுச்சரே இருக்காது. பெரும்பாலும் சாட்சி கிடையாது. தொடுதலுக்குக் காயம் இருக்காது. குழந்தை மாதங்கள் கழித்துத்தான் வாய் திறக்கும். மத்திய அரசின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், துன்புறுத்தியவர்களில் சுமார் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். மாமாவைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்லும்?

ஆக, கடைசியில் மிஞ்சுவது குழந்தையின் வார்த்தை மட்டுமே. கேள்வியைப் புரிந்து பதில் சொல்ல முடிந்தால் எந்த வயதுக் குழந்தையும் சாட்சி சொல்லலாம். அது நம்பும்படி இருந்தால் அது ஒன்றை வைத்தே தண்டிக்கலாம். போக்சோவின் 29வது பிரிவு, முக்கியமான குற்றங்களில், குற்றம் சாட்டப்பட்டவர் செய்ததாகவே அனுமானிக்கச் சொல்கிறது. "அப்படியானால் பொய்ப் புகாரில் யாரும் மாட்டலாமே?" என்று கேட்பார்கள். சரியான கேள்விதான். அதனால்தான் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவ வேண்டும், பிறகுதான் அனுமானம் என்று நீதிமன்றங்கள் சொல்கின்றன. அந்த அடிப்படையும் பெரும்பாலும் குழந்தையின் வாக்குமூலத்தில்தான் நிற்கிறது.

எனவே அந்த வாக்குமூலம் எப்படிப் பதிவாகிறது என்பதே வழக்கின் உயிர். சட்டம் இதை அழகாகவே எழுதி வைத்திருக்கிறது. போலீஸ் சீருடையில் வரக்கூடாது. வக்கீல் நேரடியாகக் கேட்காமல் நீதிபதி வழியாகக் கேட்க வேண்டும். வழக்கை நீதிமன்றம் ஏற்ற 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியம், முடிந்தவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிவு. இது தாமதமானால் என்ன ஆகும்? ஏழு வயதில் நடந்ததைப் பத்து வயதில் கேட்டால் தேதி மாறும், வரிசை மாறும். வீட்டார் நடுவில் சமாதானம் பேசிவிடுவார்கள். குழந்தை மறந்ததைப் பொய் என்பார்கள்.

2019ல் திருத்தம் கொண்டு வந்து மரண தண்டனை வரை கூட்டினார்கள். கைதட்டலும் கிடைத்தது. ஆனால் நிரூபிக்க முடியாத வழக்கில் தூக்கும் ஒன்றுதான், விடுதலையும் ஒன்றுதான். குற்றவாளி சொந்தக்காரர் என்றால், தண்டனை கூடக் கூட "வெளியே சொல்லாதே" என்ற அழுத்தமும் கூடத்தான் செய்யும்.

அரசு செலவழிக்க வேண்டியது வேறு இடத்தில். குழந்தையிடம் பேசத் தெரிந்த போலீஸ், வேலைப்பளு குறைந்த தனி நீதிமன்றங்கள், முதல் தடவையிலேயே ஒழுங்காகப் பதிவாகும் வாக்குமூலம். இது அப்பாவியாக மாட்டியவருக்கும் பாதுகாப்புதான், ஏனென்றால் யாரோ சொல்லிக் கொடுத்த கதை எது என்பதும் அப்போதுதான் தெரியும்.

அடுத்த முறை "தூக்கில் போடு" என்று கத்தும்போது, கூடவே ஒன்று கேளுங்கள்: அந்தக் குழந்தையின் சாட்சியத்தை 30 நாளில் எடுத்தார்களா?