வளர்வது யார்?

நுழையும்முன்

கைப்பேசியில் விளையாடாத மாணவர் இன்று அரியர். எந்த விளையாட்டு நம்மை வளர்க்கிறது, எது நம் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது என்பதை எவ்வாறு அறிவது? நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய விண்வெளி விளையாட்டு ஒன்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

மாலை நேரத்தில் கொல்கத்தா மெட்ரோ இரயிலில் செல்லும்போது சுற்றிலும் பாருங்கள். பலருடைய விழிகள் கைப்பேசித் திரையில் பதிந்திருக்கும். சிலருடைய விரல்கள் திரையில் எதையோ சுட்டு வீழ்த்திக்கொண்டிருக்கும். அவ்வகை ஆட்டங்கள் பலவற்றில் தோற்றவருக்கு உடனே ஓர் அழைப்பு வரும். விளம்பரம் பார்த்தால் மீண்டும் உயிர் கிடைக்கும். பணம் செலுத்தினால் வலிமை மிக்க ஆயுதம் கிடைக்கும். இவ்வாட்டங்களுக்கெல்லாம் மூத்த ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. மாணவர் ஒவ்வொருவரும் அதை ஒருமுறையேனும் ஆடிப் பார்த்தல் வேண்டும் என்பது என் கருத்து.

இவ்விளையாட்டை 1978ஆம் ஆண்டு ஜப்பானின் டைட்டோ நிறுவனத்திற்காக உருவாக்கியவர் தொமொஹிரோ நிஷிகாடோ. கணவாய், நண்டு, ஆக்டோபஸ் போன்ற வடிவம் கொண்ட 55 விண்வெளிப் பகைவர்கள், வரிசைக்கு 11 பேராக 5 வரிசைகளில் அணிவகுத்து இறங்கி வருவர். ஆடுபவரிடம் இருப்பது இடமும் வலமும் நகரும் ஒரே பீரங்கி. விடுத்த குண்டு இலக்கைத் தாக்கும் வரையில், அல்லது திரையை விட்டு நீங்கும் வரையில், அடுத்த குண்டை விடுக்க இயலாது. ஆகவே, குறி தவறினால் காத்திருத்தல் வேண்டும். பொறுமையின்றிப் பொத்தானை அழுத்துவோர் விரைவில் தோற்பர்.

பகைவர் குறையக் குறைய, எஞ்சியோர் விரைந்து நகர்வதே இவ்வாட்டத்தின் உயிர்நிலை. இவ்விரைவு முதலில் திட்டமிட்டு அமைந்ததன்று. அக்கருவியின் கணிப்பான் நொடியில் ஏறத்தாழ 60 முறை திரையைப் புதுப்பித்தது. ஒவ்வொரு முறையும் ஒரு பகைவரை மட்டுமே நகர்த்தியது. 55 பேரும் ஒரு அடி வைத்து முடிக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆயிற்று. ஒருவரே எஞ்சும்போதோ, அவர் ஒவ்வொரு முறையும் அடி வைத்தார். கருவியின் இயலாமை தந்த இவ்விளைவை நிஷிகாடோ கண்டார். அது ஆட்டத்திற்குச் சுவை கூட்டுவதை உணர்ந்து, அப்படியே விட்டுவைத்தார். குறையையும் பயனாக்கிக்கொள்ளும் அறிவு அது.

காசு போட்டு ஆடும் கூடங்களில் இருந்த இவ்விளையாட்டு, 1980ஆம் ஆண்டு அட்டாரி நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் வடிவில் வீடுகளுக்குள் வந்தது. அந்தக் கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு 4,096 பைட்டு மட்டுமே. நீங்கள் படிக்கும் இப்பாடத்தைக் கணினியில் சேமிக்கவே அதைவிடப் பெரிய இடம் வேண்டும். ஆட்டத்தின் போக்கை நினைவிற்கொள்ள அக்கருவியில் இருந்த இடமோ 128 பைட்டு. எழுத்துக்கு ஒரு பைட்டு என்று கொண்டாலும், தமிழின் 247 எழுத்துகளை அதில் ஒருசேர அடக்க இயலாது. அத்துணைச் சிறிய இடத்தில் ஒரு போர்க்களத்தையே அமைத்தனர்.

நம் நகரத்திற்கும் இக்கார்ட்ரிட்ஜ் காலத்தில் ஓர் இடம் உண்டு. கொல்கத்தா, கல்கத்தா என்று வழங்கப்பெற்ற 1995ஆம் ஆண்டில், இங்குத் தலைமையகம் கொண்டிருந்த ஷா வாலஸ் நிறுவனம் ஜப்பானின் சேகா மெகா டிரைவ் கருவியை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் விலை ஏறத்தாழ 18,000 ரூபாய். அக்காலத்து நடுத்தரக் குடும்பத்திற்கு அது எட்டாக் கனி. ஆதலால், பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தவை விலை குறைந்த போலிக் கருவிகளே. கார்ட்ரிட்ஜைச் சிறுவர்கள் 'கேசட்' என்றனர், தம்முள் மாற்றிக்கொண்டனர், படம் தெரியாவிடில் அதன் வாயில் ஊதி மீண்டும் செருகினர். ஒருமுறை வாங்கிய கேசட் அதன்பின் ஒரு காசும் கேட்டதில்லை.

இனி, என் கருத்துக்கு அடிப்படையான காரணத்தைக் கூறுகிறேன். ஸ்பேஸ் இன்வேடர்ஸின் பீரங்கி முதல் நாளில் எப்படி இருந்ததோ, நூறாம் நாளிலும் அப்படியே இருக்கும். அதற்குப் புது வலிமை சேராது. நேற்று ஐந்நூறு புள்ளி பெற்றவர் இன்று ஆயிரம் பெற்றால், வளர்ந்தது அவருடைய கண்ணும் கையும் கணிப்புமே. நம் ஊர்களில் ஆடும் ஆடுபுலி ஆட்டமும், வங்காளத்தில் ஆடும் பாக்பந்தியும் இத்தகையனவே. புலி எந்நாளும் புலிதான். ஆடு எந்நாளும் ஆடுதான். தேர்ச்சி பெறுபவர் காய் நகர்த்துபவரே. இன்றைய ஆட்டங்கள் பலவற்றில் ஆயுதம் வளர்கிறது. அதையும் விலைக்கு வாங்கலாம். ஆடுபவர் தாமே வளர்ந்ததாக எண்ணி மகிழ்கிறார்.

"பழைய ஆட்டமும் கூடங்களில் காசு பறிக்கத்தானே பிறந்தது?" என்று சிலர் வினவலாம். உண்மையே. கேசட் மேலும் பணம் கேட்காததும் நல்லெண்ணத்தால் அன்று. கேட்பதற்கு வழி இல்லாமையால்தான். பழையன யாவும் நல்லன என்பதும், புதியன யாவும் தீயன என்பதும் என் கருத்தல்ல. ஒருமுறை வாங்கினால் போதும் என்னும் நேர்மையான புதிய விளையாட்டுகளும் உள்ளன. அவற்றை இனங்காண ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலைப் பழைய விளையாட்டு நமக்குத் தருகிறது.

எனவே, பழைய கருவி கிடைத்தால் அதிலோ, இக்காலத்து மறுவெளியீட்டிலோ ஸ்பேஸ் இன்வேடர்ஸை அரைமணி நேரம் ஆடிப் பாருங்கள். இறுதியில் தோற்பீர்கள், அவ்வாட்டத்தை முழுமையாக வென்று முடிக்க இயலாது. பின்னர், உங்கள் கைப்பேசியில் நாள்தோறும் ஆடும் விளையாட்டை எடுத்து, உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: "இத்தனை நாளில் வளர்ந்தது நானா, என் ஆயுதமா?" அதற்கு நீங்கள் தரும் விடையே, அவ்விளையாட்டைத் தொடர்வதா விடுவதா என்பதையும் சொல்லிவிடும்.

சிந்தித்துப் பேசுக

1. பகைவர் குறையும்போது எஞ்சியோர் விரைந்து நகர்வதன் காரணத்தை உம் சொற்களில் விளக்குக.
2. கட்டுரையாளர் கூறும் அளவுகோலைக் கொண்டு, நீவிர் ஆடும் விளையாட்டு ஒன்றை மதிப்பிடுக.
3. உம் தாத்தா, பாட்டி ஆடிய விளையாட்டு ஒன்றைக் கேட்டறிந்து, வங்காள நண்பருக்கு அதன் விதிகளைக் கூறுக.