படிவத்தில் இல்லாத கேள்வி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பெண்மணி கையில் ஒரு படிவத்துடன் வந்தார். "தீதி, இதைச் சரியாகப் பூர்த்தி செய்திருக்கிறேனா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். பதினோரு வயது மகளை பாட்மிண்டன் பயிற்சிக்குச் சேர்க்கப் போகிறார். தில்லியில் எங்கள் குடியிருப்பை ஒட்டிப் பல வருஷங்களாக இயங்கிவரும் விளையாட்டுச் சங்கம் அது.

பெயர், பிறந்த தேதி, ரத்தப் பிரிவு, பள்ளியின் பெயர், தந்தையின் உத்தியோகம் எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசி வரியில் கையெழுத்து மட்டும் பாக்கி. அந்த வரி இப்படிச் சொன்னது: பயிற்சியின்போது ஏற்படும் எந்த விதமான இழப்புக்கும் சங்கம் பொறுப்பாகாது. இரண்டு பக்கப் படிவத்தில் குழந்தையின் பாதுகாப்பு பற்றி இருந்த ஒரே வாசகம் அதுதான்.

மறுநாள் அவருடன் நானும் சங்கத்துக்குப் போனேன். காரியதரிசி ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கண்ணியமான மனிதர். அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "குழந்தைக்கு இங்கே ஏதாவது சங்கடம் ஏற்பட்டால், பயிற்சியாளரைத் தவிர வேறு யாரிடம் சொல்ல வேண்டும்?" அவருக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. "நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி, மேடம். இங்கே அப்படியெல்லாம் எதுவும் நடக்காது" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்புகிறார். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 2007ல் வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதாவது ஒரு வகையில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களிலும் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். தொந்தரவு கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தையின் நம்பிக்கைக்கு உரியவர்கள். 'குடும்பம் மாதிரி' என்பது உத்தரவாதம் ஆகாது.

1990 ஆகஸ்ட் 12ஆம் தேதியை நினைத்துப் பார்க்கலாம். பஞ்ச்குலாவில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த 14 வயது ருசிகா, ஹரியானா லான் டென்னிஸ் சங்கத் தலைவரைப் பார்க்கத் தன் தோழியுடன் அவருடைய அலுவலகத்துக்குப் போனாள். சிறப்புப் பயிற்சி ஏற்பாடு செய்வதாக அவர் ஆசை காட்டியிருந்தார். அந்தத் தலைவர் எஸ்.பி.எஸ். ராத்தோர், போலீஸ் ஐ.ஜி. தோழியை வேறு வேலையாக வெளியே அனுப்பிவிட்டு ருசிகாவை அவர் மானபங்கம் செய்தார் என்பது பின்னாளில் நீதிமன்றத்தில் நிரூபணமானது.

அதற்குள் என்னவெல்லாமோ நடந்துவிட்டது. புகார் கொடுத்த சில வாரங்களிலேயே பள்ளி அவளை நீக்கியது. ஃபீஸ் கட்டவில்லை என்று காரணம் சொன்னார்கள். அவளுடைய சகோதரர் மீது வரிசையாக வாகனத் திருட்டு வழக்குகள் பாய்ந்தன. பிறகு அவற்றிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். 1993 டிசம்பரில் ருசிகா விஷம் குடித்து இறந்தாள். சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்யவே 1999 டிசம்பர் ஆகிவிட்டது. இடையில் ராத்தோர் மாநிலப் போலீஸின் தலைமைப் பதவிக்கே உயர்ந்தார். 2009 டிசம்பரில் அவருக்குக் கிடைத்த தண்டனை ஆறு மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம். மேல்முறையீட்டில் அது 18 மாதமாகக் கூடியது. 2016ல் சுப்ரீம் கோர்ட் அவர் குற்றவாளி என்பதை உறுதி செய்து, அனுபவித்த சிறைவாசமே போதும் என்றது.

இந்த வழக்கை எல்லோரும் போலீஸ் அதிகார துஷ்பிரயோகத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அது ஒரு விளையாட்டுச் சங்கத்தில் நடந்தது. அந்தச் சங்கத்தில், தலைவரைப் பற்றி ஒரு குழந்தை புகார் சொல்ல வேறு ஆள் இருந்தாரா? தலைவரின் அறைக்கு ஒரு சிறுமி தனியே போகக்கூடாது என்று ஒரு விதி இருந்ததா? வழக்கு 19 வருஷம் உயிரோடு இருந்ததற்குக் காரணம் எந்த ஸ்தாபனமும் அல்ல. கண்ணால் கண்டதைச் சொல்லத் தயங்காத அந்தத் தோழியும், அவளுடைய பெற்றோரும்தான்.

சரி, அது பழைய கதை என்று வைத்துக்கொள்வோம். 2019 செப்டம்பரில் கோவாவில் ஒரு நீச்சல் பயிற்சியாளர் மீது அவருடைய 15 வயது மாணவி புகார் சொன்னாள். அவள் தானே பதிவு செய்த வீடியோ வெளியே வந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. போலீஸ் அவரைக் கைது செய்தது, நீச்சல் சம்மேளனம் தடை விதித்தது. 1990க்கும் 2019க்கும் நடுவே சட்டங்கள் மாறின. ஆனாலும் சாட்சியத்தைக் குழந்தையே சேகரித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது.

குழந்தைகள் ஏன் முதலிலேயே சொல்வதில்லை? மைதானத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். மாவட்ட அணியில் யார் ஆடுவது என்பதைப் பயிற்சியாளர் தீர்மானிக்கிறார். மாவட்ட அணி வழியாக மாநில அணி, அதன் வழியாகச் சான்றிதழ், சான்றிதழின் பலத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை. ஏழைக் குடும்பத்துக்கு அந்த ஒரு மனிதரின் தயவில்தான் எதிர்காலமே இருக்கிறது. காலையில் வந்ததும் பிள்ளைகள் அவர் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். குருவைச் சந்தேகிப்பது பாவம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த குழந்தை, குரு தப்பு செய்தால் தன்மீதுதான் சந்தேகம் கொள்ளும்.

தொந்தரவு என்றால் பாலியல் தொந்தரவு மட்டுமல்ல. அடிப்பது, எடையைக் குறைப்பதற்காகப் பட்டினி போடுவது, காயத்தோடு ஆட வைப்பது, வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கச் சொல்லிக் குழந்தையைப் பொய்க்குக் கூட்டாளியாக்குவது எல்லாமே இதில் சேர்த்திதான். அவற்றில் சில நம் கைதட்டலோடு நடக்கின்றன. 2006 மே மாதக் கோடையில் புதியா சிங் என்ற நான்கு வயதுச் சிறுவன் பூரியிலிருந்து புவனேஸ்வரம் நோக்கி 65 கிலோமீட்டர் ஓடினான். வழி நெடுக ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். களைத்துப்போன பிறகுதான் ஓட்டம் நிறுத்தப்பட்டது. அவனைச் சேரியிலிருந்து எடுத்து வளர்த்தவர் அவனுடைய ஜூடோ பயிற்சியாளர். அவர் அன்பு காட்டினார் என்றார்கள் பலர், சுரண்டினார் என்றார்கள் வேறு சிலர். ஒரிஸா அரசு தலையிட்டுத் தடை போடும்வரை, 'நான்கு வயதுக் குழந்தை இவ்வளவு தூரம் ஓடலாமா?' என்று கேட்கும் பொறுப்பு யாருக்கு என்பதே தெளிவாக இல்லை.

சட்டம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2012 நவம்பர் 14 முதல் போக்ஸோ சட்டம் அமலில் இருக்கிறது. அது சிறுமிகளுக்கு மட்டுமல்ல, 18 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்குமானது. குழந்தையின் நம்பிக்கைக்குரிய இடத்திலோ அதிகாரத்திலோ இருப்பவர் செய்யும் குற்றத்துக்கு அதில் தண்டனை அதிகம். குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பதே தனிக் குற்றம். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 'நமக்குள்ளேயே பேசி முடித்துவிடலாம்' என்று சொல்லும் காரியதரிசி இதைத் தெரிந்துகொள்வது அவருக்கே நல்லது. 2020ல் வந்த போக்ஸோ விதிகள் விளையாட்டு அகாடமிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு ஊழியரின் பின்னணியையும் போலீஸ் மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். 2025ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டமும், பெண்களையும் சிறுவர்களையும் காக்கப் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கை வேண்டும் என்கிறது.

ஆனால் மேலிடத்திலேயே நிலைமை எப்படி? மல்யுத்த வீராங்கனைகள் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த 2023 மே மாதம், தேசிய மனித உரிமை ஆணையம் ஒரு நோட்டீஸ் அனுப்பியது. 30 தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களில் 15ல், சட்டப்படி இருக்க வேண்டிய உள் புகார்க் குழு முறையாக இல்லை என்ற செய்தியை அது சுட்டிக்காட்டியது. தலைநகரில் அலுவலகமும், சர்க்கார் மானியமும் உள்ள சம்மேளனங்களின் லட்சணம் இது. பூங்காவின் ஓரத்தில் வலை கட்டிப் பயிற்சி தரும் சங்கத்தை யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் ஒரு குழந்தை முதன்முதலில் மட்டையைப் பிடிப்பது அங்கேதான்.

அங்கே கேட்க வேண்டியவர்கள் நாம். கேட்க வேண்டியவை சாதாரண விஷயங்கள், செலவே இல்லாதவை. பயிற்சியின்போது குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்களா? பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா? வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பிள்ளைகள் யாருடன் தங்குகிறார்கள்? பெண் பிள்ளைகளோடு ஒரு பெண் போகிறாரா? உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? பயிற்சியாளர் பிள்ளைகளுக்குத் தனியே செல்போனில் செய்தி அனுப்புகிறாரா, பெற்றோரும் இருக்கும் குழுவில் அனுப்புகிறாரா? மசாஜ் செய்ய வேண்டியிருந்தால் கூட இன்னொருவர் இருப்பாரா? 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கிறதா?

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. இந்தப் பயிற்சியாளர் இதற்கு முன்னால் எங்கே இருந்தார், ஏன் அங்கிருந்து வந்தார்? புகார் வந்தால் ஆளை ஓசையில்லாமல் அனுப்பிவிடுவது பல சங்கங்களின் வழக்கம். 'சங்கத்தின் பெயர் கெட்டுவிடும், பெண்ணின் பெயரும் கெட்டுவிடும்' என்று சமாதானம் சொல்வார்கள். அவர் அடுத்த ஊரில், அடுத்த மைதானத்தில், வேறு குழந்தைகளுக்கு நடுவே மறுபடியும் விசிலை எடுத்துக்கொள்வார்.

நல்ல பயிற்சியாளர்கள் இதைப் படித்தால் மனம் நோகலாம். "கையைப் பிடித்துத் திருத்தாமல் சர்வீஸ் போட எப்படிச் சொல்லித்தருவது?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எல்லோர் கண்முன்னாலும், 'தோளைத் திருத்தப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுத் திருத்தினால் எந்தக் குழந்தையும் குழம்பாது. விதி இருக்கும் இடத்தில் வீண்பழிக்கு இடமே குறைவு. திறந்த கதவு குழந்தைக்கு மட்டுமல்ல, பயிற்சியாளருக்கும் பாதுகாப்பு.

இதில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கேயோ ஒரு மைதானத்தில் அசம்பாவிதம் நடந்ததாகப் பத்திரிகையில் வந்தால், நூறு வீடுகளில் பெண் குழந்தைகளின் விளையாட்டு நின்றுவிடுகிறது. தப்பு செய்தவர் மைதானத்தில் இருக்க, தப்பே செய்யாதவள் வீட்டுக்குத் திரும்புகிறாள். அவளைக் காப்பாற்றிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். குழந்தையை மைதானத்திலிருந்து காப்பாற்றுவது பாதுகாப்பு ஆகாது. மைதானத்தை அவளுக்கு ஏற்றதாக ஆக்குவதுதான் பாதுகாப்பு.

நேற்று வரை ஆசையாகப் போன பிள்ளை திடீரென்று 'இனிமேல் போகமாட்டேன்' என்றால், சோம்பேறி என்று திட்டுகிறோம், கட்டிய ஃபீஸை நினைத்து எரிச்சல் படுகிறோம். அன்று ஒரு பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, கோபமில்லாமல் காரணம் கேட்கலாம். சொன்னால் நம்பலாம்.

பக்கத்து வீட்டுப் பெண் பாட்மிண்டனில் சேர்ந்துவிட்டாள். அவளுடைய அம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன், படிவத்தின் பின்பக்கத்தில் என் கேள்வியை ஹிந்தியில் எழுதிக் கொடுத்துவிட்டார். காரியதரிசி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் போனில் கூப்பிட்டு, மற்ற கேள்விகளையும் எழுதித் தரச் சொன்னார், கமிட்டியில் வைக்கிறாராம். கமிட்டி இன்னும் கூடவில்லை. இப்போதைக்கு அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் 1098 இருக்கிறது. அதன் கீழே, பயிற்சியாளர் அல்லாத ஒரு பெண் உறுப்பினரின் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. இதற்குக் காலணாகூடச் செலவாகவில்லை.