நாய் தெளிந்துவிட்டால் பரிசோதனையை நிறுத்தலாமா?

"மாத்திரை ஆரம்பிச்சாச்சு, நாயும் தெளிஞ்சிடுச்சு. இன்னும் எதுக்கு அடிக்கடி ரத்தம் எடுக்கணும்? எல்லாம் காசு பிடுங்கற வேலை." பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் நாய் வளர்க்கும் வீடுகளில் இந்தப் பேச்சு சகஜம். தைராய்டு குறைபாடு, குஷிங் நோய், சர்க்கரை ஆகிய மூன்றிலும் இப்படி நினைப்பது நாயின் உயிருக்கே ஆபத்து.

ஒருமுறை முடிவான மருந்தளவே கடைசிவரை போதும் என்கிறார்கள். குஷிங்கில் அட்ரினல் சுரப்பி கார்டிசாலை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. ட்ரைலோஸ்டேன் என்ற மருந்து அந்தச் சுரப்பை அடக்குகிறதே தவிர நோயை வேரோடு எடுப்பதில்லை. பெரும்பாலான நாய்களில் மூலக்காரணம் பிட்யூட்டரிச் சுரப்பியில் இருக்கும் கட்டி; அது அங்கேயேதான் இருக்கும். அதனால் தேவையான அளவு மாதக்கணக்கில் மாறிக்கொண்டே போகும். தொடங்கிய 10 முதல் 14 நாளில் ஒரு பரிசோதனை, ஒரு மாதத்தில் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்திருப்பது இதற்காகத்தான். மருந்து மிஞ்சினால் கார்டிசால் வற்றிப்போய் வாந்தி, வயிற்றுப்போக்கு, எழ முடியாத சோர்வு வரும். சோடியம் இறங்கிப் பொட்டாசியம் ஏறினால் இதயமே நிற்கலாம்.

பார்த்தாலே தெரியும் என்பதில் பாதி உண்மை உண்டு. குஷிங்கைப் பொறுத்தவரை வீட்டார் கவனிப்பதை நல்ல மருத்துவர் யாரும் ஒதுக்க மாட்டார். பத்துக் கிலோ நாய் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்தால் அது அதிகம். இதை அளக்க வீட்டுச் சொம்பு போதும். ஆனால் குஷிங்கில் வரும் அகோரப் பசி அடங்குவது நோய் கட்டுப்பட்டதாலும் இருக்கலாம், மருந்து மிஞ்சியதாலும் இருக்கலாம். எது என்று ரத்தம்தான் சொல்லும். நாய் சாப்பாட்டைத் தொடவே இல்லையென்றால் அன்றைய ட்ரைலோஸ்டேனைக் கொடுக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

நமக்குச் செய்வது போலவே நாய்க்கும் செய்தால் போதும் என்ற நினைப்புதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தைராய்டுக்கு நாம் காலையில் மாத்திரை போடும் முன்பே ரத்தம் கொடுக்கிறோம். நாய்க்கு மாத்திரை கொடுத்து 4 முதல் 6 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். உச்ச அளவு அப்போதுதான் தெரியும். ட்ரைலோஸ்டேன் தின்னும் நாயைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் கூட்டிப் போவதும் தவறு. அந்த மருந்து சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் சரியாக உடலில் ஏறும்.

சர்க்கரையில் பிசகு இன்னும் கொடியது. மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் நாயின் ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். ஏறியிருக்கும் சர்க்கரை சரியாக இருப்பதுபோல் தெரியும். மருந்துக் கடையில் சிவப்பு மூடி ஊசி 40 யூனிட் இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்க முடியாது. 1921-ல் டொரண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டறிந்தது நாய்களை வைத்துச் செய்த சோதனைகளில்தான். அந்த மருந்தையே நாய்க்குக் கவனமின்றிப் போடலாமா?

செலவு பற்றிய மனக்குறை நியாயமானது. அதற்கு வழி, பரிசோதனையை விடுவதல்ல. சரியான நேரத்தில் செய்வது. நேரம் தப்பி எடுத்த ரத்தத்துக்குக் கொடுத்த பணம்தான் வீண். சர்க்கரை பார்க்க நாள் முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குத்த முடியாவிட்டால், கடந்த இரண்டு மூன்று வாரச் சர்க்கரையை ஒரே ரத்தத்தில் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனை உண்டா என்று கேளுங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்க்குச் சர்க்கரை அடங்கவில்லையென்றால் அந்த அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பருவத்துக்குப் பிறகு ஏறும் ப்ரொஜெஸ்டிரான் இன்சுலினை வேலை செய்யவிடாது. ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, செலவு பற்றி அங்கும் விசாரிக்கலாம்.

எங்கே போனாலும் மாத்திரை கொடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், குடித்த தண்ணீர், நாயின் எடை இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப்போங்கள்.