எண்ணூர்ப் பையனுக்கு மந்திரக்கதை எதற்கு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பைக்குள் ஸ்பைரல் பைண்டிங் போட்ட இரண்டு தடித்த கட்டுகள். ஏ4 தாளில் 640 பக்கம்.

"ஐயா, நாவல் எழுதியிருக்கேன். ஃபேன்டசி. நீங்க படிச்சிட்டு உண்மையைச் சொல்லணும்."

பெயரை இங்கே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். எண்ணூரில் பிறந்து வளர்ந்தவன். கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை. இரவு ஷிஃப்டில் லாரி வராத நேரத்தில் செல்போனிலேயே தட்டித் தட்டி நான்கு வருடத்தில் முடித்திருக்கிறான். நான் ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் கவிதைத் தொகுப்புக்கு வாழ்த்துரை கேட்டு வந்தவர்கள் உண்டு. நாவலோடு வந்தவன் இவன் ஒருவன்தான்.

காபி குடித்துக்கொண்டே இரண்டு விஷயம் சொன்னான். முதலாவது, புத்தகம் போடுகிற ஒருவரைப் பார்த்திருக்கிறான். அவர் கட்டைத் திறக்கவே இல்லையாம். "தமிழ்ல ஃபேன்டசி யாருப்பா வாங்குவா? நீ எண்ணூர்ப் பையன். கடல், சாம்பல், குத்துச்சண்டை, வெட்டுக்குத்துன்னு உங்க ஏரியாவை எழுது. உடனே போடறேன்" என்றிருக்கிறார். இரண்டாவது, இன்னொருவர் நாவலைப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார், 85,000 ரூபாய் கட்டினால். மனைவியின் செயினை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

செயின் விஷயத்தில் கொஞ்சம் பொறு, முதலில் படிக்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். படித்து முடிக்க மூன்று வாரம் ஆனது. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் இன்னும் நாலு பேர் மேஜை டிராயரில் இப்படி ஒரு கட்டு இருக்கும் என்பது என் சந்தேகம்.

அந்த முதல் மனிதர் சொன்னதில் எனக்குக் கோபம் உண்டு. வடசென்னையில் பிறந்தவன் வடசென்னையின் வலியை மட்டும்தான் எழுத வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? மயிலாப்பூரில் பிறந்தவன் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகலாம், சோழர் காலத்துக்கும் போகலாம். எங்கள் பையன் மட்டும் வாழ்நாள் முழுக்க குடிநீர் லாரிக்குப் பின்னால் நின்ற கதையையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? அந்தக் கதைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்லவை வந்திருக்கின்றன, இன்னும் வரட்டும். ஆனால் எங்கள் ஊர்க்காரனிடமிருந்து வாக்குமூலம் மட்டும் வேண்டும், கற்பனை வேண்டாம் என்றால் அது மரியாதை இல்லை.

இதைச் சொல்லும்போது அவன் சிரித்தான். "நீங்களும் அதைத்தான் ஐயா சொன்னீங்க." ஏழாம் வகுப்பில் 'நான் கண்ட கடல்' என்று கட்டுரை கொடுத்தேனாம். ஒரு திமிங்கிலம் வந்து பவர் ஹவுஸ் புகைபோக்கியை விழுங்கிவிட்டுப் போனதாக எழுதினானாம். நான் சிவப்பு மையில் 'கண்டதை மட்டும் எழுது' என்று போட்டு, பத்துக்கு மூன்று கொடுத்தேனாம். எனக்கு நினைவில்லை. ஆனால் நான் செய்திருக்கக்கூடிய காரியம்தான். அந்தக் கடனுக்கு வட்டியாகத்தான் 640 பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தேன்.

தமிழில் ஃபேன்டசி விற்காது என்கிறவர், அவர் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் என்ன நடந்தது என்று பார்த்ததில்லை போலும். எங்கள் வீட்டில் பாட்டி கையில் இருந்த பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை எங்கே அச்சானது? இதே வடசென்னையில், கொண்டித்தோப்பில், இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போட்டது. மதனகாமராஜன் கதையும் அப்படித்தான் வீடு வீடாகப் போனது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவுக்காக, வேதாளத்துக்காக, மாதா மாதம் காத்திருந்த தலைமுறை நாங்கள். 1943இல் புதுமைப்பித்தன் கடவுளையே கூட்டிக்கொண்டு வந்து பிராட்வே முனையில் நிறுத்தினார். ராயபுரத்திலிருந்து நடந்தே போகிற தூரம். ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' 1997இல் வந்தது. இல்லாத ஒரு கோயில் நகரத்தை எழுப்பிய தடித்த நாவல். அதையும் தமிழ் வாசகன் படித்தான், சண்டை போட்டான், இன்னும் வாங்குகிறான். ஆகவே, இல்லாத ஊரின் கதை என்பதாலேயே இங்கே யாரும் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவதில்லை.

இனி அவனுக்குக் கசந்த பகுதி.

நாவல் 'ஆல்டோரியா' என்ற நாட்டில் நடக்கிறது. பனிமலை, கோட்டை, நெருப்பு கக்கும் டிராகன், வெள்ளைத் தாடி மந்திரவாதி, வாள் எடுக்கப் பிறந்த அநாதை இளவரசன். பனியையே பார்க்காதவன் நாற்பது பக்கத்துக்குப் பனியை வருணித்திருக்கிறான். ஓடிடியில் பார்த்த பனி. பாத்திரங்கள் பேசுவதோ பழைய ராஜா ராணிப் படத் தமிழ். 'யாரங்கே' மட்டும் பதினேழு இடத்தில் வருகிறது, எண்ணினேன். (வாத்தியார் புத்தி, விடாது.)

அதைவிடப் பெரிய குறை ஒன்று. அவனுடைய மந்திரத்துக்கு விலையே இல்லை. இளவரசன் கையை நீட்டினால் மின்னல் வருகிறது. எதிரி செத்துப் போகிறான். அடுத்த அத்தியாயத்தில் இன்னும் பெரிய மின்னல். ஐம்பது பக்கத்துக்கு மேல் எனக்குப் பயமும் இல்லை, கவலையும் இல்லை. எப்படியும் மின்னல் வரும் என்று தெரிந்துவிட்டதே.

வேதாளம் கதையை நினைத்துப் பாருங்கள். பேசினால் வேதாளம் மரத்துக்குப் போய்விடும். விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை சுக்குநூறாகும். இரண்டே விதிகள், அதை வைத்துக்கொண்டு நூற்றாண்டுகளாகக் கதை ஓடுகிறது.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை இன்னும் கடுமையானது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அவனுக்குக் கிடைக்கிறது. ஊரின் பசியெல்லாம் தீர்க்கிறான். இந்திரன் வரம் கொடுக்க வருகிறான். இவன் அவனைப் பார்த்துச் சிரிக்கிறான். பழிவாங்க இந்திரன் என்ன செய்தான் தெரியுமா? பாத்திரத்தைப் பிடுங்கவில்லை, மழையைப் பெய்ய விட்டான். நாடு செழித்தது, பசித்தவர்களே இல்லாமல் போனார்கள், பாத்திரத்துக்கு வேலை போயிற்று. பசித்தவர்களைத் தேடிக் கப்பலேறியவன் ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனியாக மாட்டிக்கொள்கிறான். கையில் வற்றாத சோறு, ஊட்ட ஆள் இல்லை. தான் மட்டும் உண்டு வாழ மனமில்லாமல், பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். உலகத்தில் எந்த ஃபேன்டசிக்காரனும் இதைவிட நல்ல மந்திரப் பொருளைச் செய்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திருவொற்றியூர் கோயிலில் மாசித் திருவிழாவின்போது மகிழடி சேவை நடக்கிறதே, அது என்ன? திருவாரூரில் ஏற்கெனவே பரவையார் இருக்க, சுந்தரர் இங்கே சங்கிலியாரை மணக்க ஆசைப்படுகிறார். பிரியமாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். சாமியிடமே ரகசியமாகப் பேசி, சத்தியம் செய்கிற நேரத்தில் நீர் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று கேட்டுக்கொள்கிறார். சாமியும் சரி என்கிறார். சொல்லிவிட்டு, சங்கிலியாரிடம் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்கிறார்! மாட்டிக்கொண்ட சுந்தரர் மரத்தடியில் சத்தியம் செய்கிறார். பிறகு ஒருநாள் திருவாரூர் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டுகிறார், இரண்டு கண்ணும் போகிறது. எல்லைக்குள் இருக்கிறவரை ஒன்றுமில்லை, தாண்டினால் கண் போகும். ஒரு நாவலுக்கு வேண்டிய விதியும் விலையும் அதிலேயே இருக்கின்றன. அந்த எல்லையைத் தினமும் பஸ்ஸில் கடந்து வேலைக்குப் போகிறவன் பனிமலைக்கு ஏன் அலைகிறான்?

விலை என்றால் என்ன என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. 1870களில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போக வேண்டிய மணலைச் சுவர் மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையைக் கடல் தின்றது. தெருக்கள் போயின. இன்று அங்கே கல் கொட்டி வைத்திருக்கிறோம். ஒரு கரை காற்று வாங்க, இன்னொரு கரை வீட்டைக் கொடுத்தது. மின்சாரமும் அப்படித்தான். வெளிச்சம் ஊருக்கெல்லாம் போயிற்று, சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்தது. 2017 ஜனவரி கடைசியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, இளைஞர்கள் பக்கெட்டால் கடலை அள்ளினார்கள். கடலைப் பக்கெட்டால் அள்ளுவது எந்த மாயக்கதையில் வருகிறது? எங்கோ ஒருவன் மந்திரம் போடுகிறான், வேறு எங்கோ ஒருவன் விலை கொடுக்கிறான். இதை உடம்பாலேயே அறிந்தவன் எழுதுகிற மந்திரக்கதை எப்படி இருக்க வேண்டும்!

அதற்கான ஒரு இடம் அவன் நாவலிலேயே இருக்கிறது. 412ஆம் பக்கம். இளவரசன் ஒரு கழிமுகத்தைக் கடக்கிறான். அங்கே ஒரு கிழவி, வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைக் கையால் தடவிக்கொண்டிருக்கிறாள். அவள் பிடிப்பது இறால் இல்லை, மூழ்கிப் போனவர்களின் ஞாபகங்கள். கேட்டு வருகிறவர்களுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தால், தன்னுடைய ஞாபகம் ஒன்று தண்ணீரில் போய்விடும். தன் மகன் பெயர் ஏற்கெனவே போய்விட்டது அவளுக்கு. மூன்றே பக்கம். அவள் பேசுவது மட்டும் எண்ணூர்த் தமிழ். "இன்னாப்பா வோணும்" என்கிறாள் இளவரசனைப் பார்த்து. படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இதை எங்கேயிருந்து எடுத்தாய் என்றேன். "சின்ன வயசுல கழிமுகத்துல கையால இறால் புடிக்கிறவங்களப் பாத்துனே நிப்பேன் ஐயா. சும்மா ஒரு மாற்றத்துக்குப் போட்டேன், வேணாம்னா எடுத்துடறேன்" என்றான். எடுப்பதா! இதுதான் உன் முதல் அத்தியாயம், ஆல்டோரியாவை எடு என்றேன். சினிமாவில் நம் பேச்சை ரவுடிக்கும் காமெடியனுக்கும்தான் கொடுப்பார்கள். உன் கதையில் மந்திரக்காரிக்குக் கொடுத்திருக்கிறாய், கையை எடுக்காதே என்றேன். முகம் வாடிப்போயிற்று. நான்கு வருட உழைப்பில் 500 பக்கம் போகிறதென்றால் யாருக்குத்தான் வாடாது.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். செயினை அடகு வைக்காதே என்று உறுதியாகச் சொன்னேன். ஆசிரியரிடமே முழுச் செலவையும் வாங்கிக்கொள்கிறவருக்கு, புத்தகத்தை விற்றாக வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் லாபம் அச்சாவதற்கு முன்பே வந்துவிட்டது. அப்புறம் ஆயிரம் பிரதியும் உன் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். அவர் கொடுத்த கட்டண விவரத்தில் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கென்று தனியாக ஒரு தொகை இருந்தது. அந்த எண்ணை இந்தியாவில் அரசு நிறுவனம் இலவசமாகவே கொடுக்கிறது.

ஒப்பந்தத் தாளையும் காட்டினான். எல்லா உரிமைகளும், சினிமா உட்பட, என்றென்றைக்கும் பதிப்பாளருக்கே என்று ஒரு வரி. பணத்தையும் கொடுத்து, பிள்ளையையும் எழுதிக் கொடுப்பதா? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவனுக்கு உரிமை தானாகவே உண்டு, பதிவுகூடக் கட்டாயமில்லை. அவன் ஆயுளுக்குப் பிறகும் 60 வருடம் நிற்கும். உரிமையைக் கொடுப்பதென்றால் எழுத்தில்தான் கொடுக்க முடியும். எத்தனை வருடம் என்று தாளில் போடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், எந்த நாட்டுக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஆனால் 'என்றென்றைக்கும்' என்று எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேசுவது சிரமம். அச்சுக்கு ஒன்று, மின்நூலுக்கு ஒன்று, மொழிபெயர்ப்புக்கு ஒன்று, சினிமாவுக்கு ஒன்று என்று உரிமையைப் பிரித்துக் கேள். கொடுக்க மறுத்தால் எழுந்து வா.

அமிஷ் திரிபாதியைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். இவனும் காட்டினான். பதிப்பகங்கள் வரிசையாகத் தள்ளிவிட, 2010இல் சொந்த முயற்சியில் வெளியே வந்த 'மெலூஹா' லட்சக்கணக்கில் விற்றது உண்மை. ஆனால் அவர் ஐஐஎம்மில் படித்து நிதித்துறையில் வேலை பார்த்தவர், சந்தை தெரிந்தவர். முதல் அத்தியாயத்தை இலவசமாக அச்சடித்துப் புத்தகக் கடைகளில் வைத்தார். உன்னிடம் இருப்பது ஒரு செயின். எடுத்துக்கொள்வதானால் அந்த முதல் அத்தியாய யோசனையை எடுத்துக்கொள். ஒரு அத்தியாயத்தைச் செல்போனிலேயே நூறு பேருக்கு அனுப்பலாம், காசில்லை. கிண்டிலில் தமிழ் மின்நூல் போடவும் முன்பணம் கிடையாது. அச்சு வேண்டுமென்றால் தேவைக்கேற்ப ஐம்பது பிரதி அடித்துத் தருகிற அச்சகங்கள் இப்போது இருக்கின்றன. குறைந்த பிரதி என்பதில் வெட்கமும் வேண்டாம். ஹாரி பாட்டர் முதல் புத்தகம் 1997இல் லண்டனில் வந்தபோது கெட்டி அட்டையில் போட்டது 500 பிரதிதான்.

பதிப்பகங்களுக்கு அனுப்பும்போது 640 பக்கத்தையும் தூக்கிக்கொண்டு போகாதே என்றும் சொன்னேன். இரண்டு பக்கக் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம், ஒரு மரியாதையான கடிதம். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு முந்தைய இரண்டு மாதம் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை, அப்போது தொந்தரவு செய்யாதே. பதில் வராவிட்டால் வேறு இடம்.

நேற்று மறுபடி வந்தான். அடகுக்கடைக்குப் போகவில்லையாம். கிழவியை வைத்து ஆரம்பித்து முப்பது பக்கம் புதிதாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். இளவரசன் போய்விட்டான், டிராகன் போய்விட்டது. திமிங்கிலம் மட்டும் எப்படியோ உள்ளே வந்திருக்கிறது. இந்த முறை புகைபோக்கியை விழுங்கிய பிறகு அதற்குத் தீராத இருமல்.

அவனை முன்பின் தெரியாத இரண்டு பேர் இந்த முப்பது பக்கத்தைப் படித்துத் தயவு தாட்சண்யம் இல்லாமல் கருத்துச் சொன்னால் நன்றாக இருக்கும். நேரம் இருக்கிறவர்கள் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். எழுத்துப்பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன்.