பாங்கியின் மதிப்பீடு யாருக்காக?

வீடு வாங்கப் போகிறவர்களிடம், "கட்டடத்தைச் சோதித்தீர்களா?" என்று வினவினால், "பாங்கியே ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டது. குற்றமிருந்தால் கடன் கொடுப்பார்களா?" என்று விடை வருகிறது. இவ்விடையைக் கேட்டுக் கேட்டு நமக்கு அலுத்துவிட்டது. படித்தவர்களும், உத்தியோகஸ்தர்களும், ஏன், நமது வக்கீல் சகோதரர்களிலே சிலரும் இதையே சொல்லுகிறார்கள். ஆயுட்காலச் சேமிப்பு முழுவதையும் இந்நம்பிக்கையின்மேல் வைப்பது பெருந்தவறு என்பது நமது திடமான அபிப்பிராயம்.

பாங்கி தன் மதிப்பீட்டாளரிடம் கேட்கும் முக்கியமான கேள்வி ஒன்றே. கடன் வாங்கினவர் தவணை தவறினால், இவ்வீட்டை விற்றுப் பணத்தைத் திரும்பப் பெறலாமா என்பதே அது. தூணின் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, தளம் ஒழுகுமா, அஸ்திவாரம் மேல்மாடியைத் தாங்குமா என்பனவெல்லாம் அக்கேள்விக்கு வேண்டிய அளவுக்கே அவர் கவனத்திற்கு வரும். பாங்கி முழு விலையையும் கடனாகக் கொடுப்பதில்லை. ரிசர்வ் பாங்கின் விதிகளே அதற்கு இடந்தருவதில்லை. 50 லக்ஷம் பெறுமென மதிக்கப்பட்ட வீட்டுக்குப் பாங்கி 40 லக்ஷம் கொடுக்கிறது, வாங்குகிறவர் 10 லக்ஷம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் குற்றம் வெளிப்பட்டு வீட்டின் பெறுமதி 40 லக்ஷமாகக் குறைந்தால் பாங்கிக்கு நஷ்டமில்லை. போனது வாங்கினவரின் பத்து லக்ஷமே. அதன் பின்னும் அவர் மாதந்தோறும் தவணை செலுத்தியாக வேண்டும். ஆகவே, தன் காரியத்துக்குப் போதுமான மதிப்பீட்டைப் பெற்றுப் பாங்கி திருப்தியடைவதில் குற்றமில்லை. அதே மதிப்பீட்டைக் கொண்டு வாங்குகிறவரும் திருப்தியடைவதே நமக்கு வியப்பளிக்கிறது.

இப்பிரச்னை இங்கிலாந்தில் நெடுங்காலமாக அடிபட்டது. அங்கே கடன் கொடுப்போர் செய்விக்கும் மதிப்பீடு வேறு. வாங்குகிறவர் தாமே ஸர்வேயரை அமர்த்திச் செய்விக்கும் பரிசோதனை வேறு. (நம் நாட்டில் ஸர்வேயர் என்றால் நிலம் அளப்பவர். அங்கே கட்டடத்தைச் சோதிப்பவருக்கும் அதே பெயர்.) ஆயினும், தாமே ஸர்வேயரை அமர்த்துவோர் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் இல்லை என்று 1981இல் ஒரு வழக்கிலே சாட்சியம் கூறப்பட்டது. மற்றவரெல்லாம் பாங்கியின் மதிப்பையே நம்பினர்.

1980இல் நார்விச் நகரத்துப் பெண்மணி ஒருவர் வீடு வாங்க ஈட்டுக் கடன் கேட்டார். மதிப்பீட்டுக் கட்டணத்தை அவரே செலுத்தினார். முக்கியமான பழுது எதுவும் இல்லை என்று அறிக்கை கூறிற்று. 18,000 பவுனுக்கு வீட்டை வாங்கினார். பதினெட்டு மாதத்திற்குப் பின் புகைபோக்கியின் செங்கற்கள் கூரையைப் பிளந்துகொண்டு படுக்கையறைக்குள் விழுந்தன. கீழே அதைத் தாங்கி நின்ற சுவர்ப்பகுதியை யாரோ முன்னமே இடித்து அகற்றியிருந்தனர். மதிப்பீட்டாளர் அதைக் கண்டும், மேலே நிற்பதற்குத் தாங்கல் உண்டா என்று பார்க்கவில்லை. இது பரிசோதனை அன்று, எமக்குப் பொறுப்பில்லை என்று அறிக்கையில் அச்சிட்டிருந்ததை அவர் தரப்பினர் காட்டினர். 1989இல் பிரபுக்கள் சபை அவ்வாசகம் நியாயமற்றது, செல்லாது என்று தீர்ப்பளித்து அப்பெண்மணிக்கு நஷ்டஈடு கிடைக்கச் செய்தது.

நல்ல தீர்ப்பே. ஆனால் அதை நம்பி உறங்குவதற்கில்லை. வீடு வாங்கியது 1980. இறுதித் தீர்ப்பு 1989. அதுவும் சாதாரணக் குடும்பத்தார் தாம் குடியிருக்க வாங்கும் எளிய வீடுகளை மனத்திற்கொண்டு கூறப்பட்டது. வாடகைக்கு விட வாங்கினவருக்கு அப்பாதுகாப்பு இல்லை என்று 2011இல் அந்நாட்டு அப்பீல் கோர்ட்டார் கூறிவிட்டனர்.

நம் நாட்டுச் சட்டமும் வாங்குகிறவரிடம் கண்டிப்பாயிருக்கிறது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவின்படி, தமக்குத் தெரிந்த முக்கியமான குற்றத்தை விற்பவர் வெளியிட வேண்டும். ஆனால் வாங்குகிறவர் சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குற்றத்திற்கு இக்கடமை இல்லை! சுவர் வெடிப்புக் கண்முன்னே இருந்து, நாம் பாராமல் வாங்கிவிட்டால் யாரை நோவது? 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் கட்டுமானக் குற்றங்களுக்கு ஐந்து வருஷம் வரை பொறுப்பேற்கச் செய்கிறது. அது புதுக் கட்டடம் கட்டி விற்பவரைப் பற்றியது. இருபது வருஷத்து வீட்டைத் தனி மனிதரிடமிருந்து வாங்குகிறவருக்கு அது கைகொடுக்காது.

வாசல் எத்திசை நோக்குகிறது என்று பார்க்க வாஸ்து நிபுணரைத் தேடி அலைகிற நம்மவர், தூணைத் தட்டிப் பார்க்க ஓர் இஞ்சினீயரை அழைக்கத் தயங்குகிறார்கள். நாம் சொல்வது எளிய காரியம். முன்பணம் கொடுக்குமுன், விற்பவரோடும் தரகரோடும் சம்பந்தமில்லாத கட்டட இஞ்சினீயர் ஒருவரை அமர்த்தி எழுத்து மூலம் அறிக்கை பெறுக. அங்கீகரித்த வரைபடத்துக்கு மேல் மாடி ஏற்றியிருக்கிறதா என்பதையும் அவர் பார்க்கட்டும். அவகாசமில்லையென்று விற்பவர் அவசரப்படுத்தினால், அறிக்கை பாதகமாக வந்தால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற ஷரத்தைக் கிரய ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்க. அதற்கும் இணங்காதவரின் வீட்டைப் பற்றி ஐயம் கொள்வது நியாயமே.

பாங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. மதிப்பீட்டுச் செலவைக் கடன் வாங்குகிறவரிடமே வசூலிக்கிறீர்கள். அவர் பணத்தில் எழுதப்பட்ட அறிக்கையின் பிரதியை அவர் கேளாமலே அவரிடம் சேர்ப்பிப்பதில் என்ன தடை? இது பாங்கியின் காரியத்துக்காக எழுதப்பட்டது, கட்டடத்தின் உறுதிக்கு அத்தாட்சி அன்று என்பதை அதன் முதற் பக்கத்தில், அவர் படிக்கக்கூடிய தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். கிரயப் பத்திரம் பதிவாவதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பேனும் அது அவர் கைக்கு வந்து சேரட்டும்.