அலுமாரிக்குள் ஒளித்த பொட்டலம்

தாய் ஒருவர் மகனின் காற்சட்டையைத் தோய்க்க எடுக்கிறார். அதன் பைக்குள் சிறு பொட்டலம் ஒன்று தட்டுப்படுகிறது. தகப்பனிடம் சொன்னால் அடி விழும். அயலவர் அறிந்தால் மானம் போகும். பங்குத்தந்தையிடம் சொல்லவோ வெட்கம். பொட்டலத்தை அலுமாரிக்குள் ஒளித்துவிட்டுச் செபமாலையைக் கையில் எடுக்கிறார். இவர் நாம் கற்பனை செய்துகொண்ட தாயே. ஆயினும் அளவெட்டியிலோ அயற்கிராமங்களிலோ வளரும் பிள்ளையை வைத்திருக்கும் எவருக்கும் இவரது அச்சம் புதிதன்று.

செபிப்பது நன்று, ஒளிப்பது நன்றன்று. ஏன் என்பதைச் சட்டமே சொல்கிறது.

இலங்கையில் இவ்விடயத்தை ஆள்வது 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்து குற்றவாளியாகக் காணப்படுபவருக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம் ‘ஐஸ்’ எனப்படும் பொருளையும் இவ்வரிசையில் சேர்த்தது. அதற்கு எல்லை 5 கிராம். ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிச் சீனியின் நிறை அது!

பணத்துக்கு விற்பது மட்டுமே ‘கடத்தல்’ என எண்ணிவிட வேண்டாம். கொடுத்தல், சேமித்து வைத்தல், கொண்டுசெல்லல், ஒப்படைத்தல் யாவும் அச்சொல்லுள் அடங்கும். ‘நண்பன் தந்தான், வைத்திருந்தேன்’ என்பது தற்காப்பு ஆகாது. அலுமாரிக்குள் ஒளித்த தாயும் தப்பமாட்டார். அதேவேளை, தான் அறியாமல் தன் பைக்குள் இடப்பட்ட பொருளுக்காக எவரும் குற்றவாளியாவதில்லை. அறிந்தே வைத்திருந்தார் என்பதை வழக்குத் தொடுநரே நிரூபிக்க வேண்டும். பொருள் எது, எவ்வளவு என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை கூறும். பாரதூரமான குற்றச்சாட்டுகளில் நீதவானால் பிணை வழங்க இயலாது. மேல் நீதிமன்றத்தையோ அதனினும் உயர்ந்த மன்றையோ நாட வேண்டும். அதுவரை விளக்கமறியலே. சட்டத்தரணியை அமர்த்த வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. இவற்றை மல்லாகம் நீதிமன்ற வாசலில் கண்ணீரோடு நின்று கற்பதிலும், இராச்செபம் முடிந்தபின் பிள்ளைகளோடு அமர்ந்து பேசுவது மேல்.

நஞ்சை விற்றுப் பிழைப்போரிடம் சட்டம் கண்டிப்பாகவே இருக்கட்டும். ஆனால் தூக்குமரம் எவரையும் மீட்காது. 1976ஆம் ஆண்டுக்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட அன்றைய ஜனாதிபதி முனைந்தபோது உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்கு முந்திய ஆண்டில், திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபையின் மறைக்கல்வி நூலைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தகாதது என அறிவித்திருந்தார். சட்டம் கிராமை நிறுக்கிறது. ஆண்டவரோ மனிதனைப் பார்க்கிறார்.

அடிமையாகிவிட்ட பிள்ளை நோயாளி. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் அத்தகையோருக்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் பெற வழிசெய்துள்ளது. தேசிய அபாயகரமான ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். பொலிஸார் கதவைத் தட்டுமுன் நாம் இக்கதவைத் தட்டுவோம்.

காணாமற்போன மகனின் உவமையில், மகன் தொலைவில் வரும்போதே தந்தை கண்டுகொள்கிறார். கண்டது எப்படி? அவர் பாதையைப் பார்த்தபடியே இருந்திருக்க வேண்டும். ஊர் என்ன சொல்லும் என்று அவர் தயங்கவில்லை. ஓடிச்சென்று கட்டித் தழுவினார். விளக்கமறியலிலிருந்து மீண்ட இளைஞன் ஒருவன் அடுத்த ஞாயிறு நம் ஆலயத்தின் கடைசி வாங்கில் வந்து அமரக்கூடும். அவனருகே சென்று அமரப்போவது யார்?