மாரியே நடுவர்

நிர்மாணத் துறையின் சிறந்த பணிகளுக்கு விருதளிக்கும் வழக்கம் நம் நாட்டிலும் நெடுநாளாக உண்டு. பாலமும் வீதியும் கட்டியோர், குளமும் வாய்க்காலும் புனரமைத்தோர் மேடையேறிக் கேடயம் பெறுகின்றனர். திறமையைப் போற்றுதல் நன்றே. வெயிலில் நின்று கொங்கிறீற்று இட்ட தொழிலாளிக்கும், கணக்கிட்டுக் கண் விழித்த பொறியியலாளருக்கும் பெருமை சேர்வதை நாம் வெறுப்போமல்லோம். ஆயினும் இரு கேள்விகள் எழுகின்றன. தீர்ப்பு எப்பொழுது வழங்கப்படுகிறது? சாட்சி சொல்வோர் யாவர்?

சாட்சியம் கேளாமல் எந்த நீதிமன்றமும் தீர்ப்புரைப்பதில்லை. கட்டட வேலைக்கோ நாடாவை வெட்டிய கையோடு புகழுரை தொடங்கிவிடுகிறது. குறித்த நாளில் முடிந்ததா, குறித்த செலவில் முடிந்ததா என்பதை வேலை செய்தவரும் செய்வித்தவருமே எழுதித் தருவர். அந்த வேலையின் கீழ் வாழ்கின்ற கமக்காரன் கூண்டில் ஏற்றப்படுவதில்லை.

இரணைமடுவை எண்ணிப் பாருங்கள். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பெற்ற இக்குளம் வடமாகாணத்திலேயே பெரியது. போருக்குப் பின், பன்னாட்டு விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு புனரமைக்கப்பட்டது. நீர்மட்டக் கொள்ளளவு 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்ந்தது. 2018 டிசெம்பர் முற்பகுதியில் ஜனாதிபதியின் கையால் விழா நடந்தது. அதே மாதம் பிற்பகுதியில் பெருமழை கொட்டிற்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல்லாயிரம் மக்கள் வெள்ளத்தால் துன்புற்றனர், வயல்கள் மூழ்கின. வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி எழுந்தது, விசாரணையும் நடந்தது.

குற்றவாளி யாரென்று இங்கே தீர்ப்பளிப்பது எம் நோக்கமன்று. அந்த வெள்ளம் கற்பித்த பாடம் வேறு. அணை உறுதியாக நிற்பது பாதி வேலையே. கதவைத் திறக்கும் ஒழுங்கும், தாழ்நிலத்தாருக்கு முன்கூட்டியே எட்டும் எச்சரிக்கையும், கடைக்கோடி வயலுக்கு வந்து சேரும் தண்ணீருமே மறுபாதி. முதற்பாதியைப் பொறியியலாளன் அளப்பான். மறுபாதியை அளக்க வல்லவன் கமக்காரனே.

அவ்வேளை அவனுக்காகக் கேள்வி கேட்க மக்கள் தெரிந்தெடுத்த மாகாணசபையும் இருக்கவில்லை. அதன் ஆயுட்காலம் அதே ஆண்டு ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதன் பின் நெடுங்காலம் தேர்தலும் நடத்தப்படவில்லை. மண்ணின் மக்களுக்கு வாயில்லாதபோது மேடையின் கைதட்டல் மட்டுமே காதில் விழும்.

ஆதலின் நாம் கோருவன மூன்று. ஒன்று, குளமோ பாலமோ மூன்று மாரிகளைக் கண்ட பின்னரே விருதுக்கு எடுத்துக்கொள்ளப்படல் வேண்டும். இரண்டு, கமக்காரர் அமைப்புகளின் எழுத்து மூலமான சாட்சியமும், அவர்தம் பிரதிநிதியின் இருக்கையும் நடுவர் குழுவில் இடம்பெறல் வேண்டும். மூன்று, கட்டியவரோடு பராமரிப்பவரும் கணிக்கப்படல் வேண்டும்; பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத புனரமைப்பு, அடுத்த புனரமைப்புக்கு இடும் அத்திவாரமேயாகும்.

நல்ல வேலை செய்தவர் இக்கோரிக்கைக்கு அஞ்ச வேண்டியதில்லை. மூன்று மாரிகளைத் தாங்கி நின்ற அணைக்கு அவ்வூர்க் கமக்காரன் தன் வாயால் தரும் நற்சான்றை விடப் பெரிய கேடயம் எந்த மண்டபத்திலும் கிடையாது.